ஒன்பது பேல் துணி, பதினெட்டு குழி

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ‘கோல்ஃப்’ என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தள்ளி நின்றுகொள்வார். எங்கள் ஏரியாவுக்கும் அந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு தூரம். கேரம் சொல்லுங்கள், தெருவுக்கு நாலு சாம்பியன் காட்டுகிறோம். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பொண்ணு புது வண்ணாரப்பேட்டைதான். பாக்ஸிங், ஃபுட்பால் எல்லாம் ரத்தத்தில் ஊறியது. கோல்ஃப்? கில்லிதாண்டுவைக் கோட்டு சூட்டு போட்டு ஆடினால் கோல்ஃப் என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு தடவை விளக்கம் கொடுத்தார். அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட எனக்கு, கோல்ஃப் மைதானம் ஒன்றைப் பற்றி எழுத வேண்டிய நிலைமை எப்படி வந்தது என்றால், அக்கா பையனால் வந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான்.

“மாமா, இங்க ஒரு காலேஜ்ல கோல்ஃப் மைதானத்தை மூடிப் போட்டு ரிப்பேர் பண்றாங்க மாமா. நூறு வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அதே மாதிரி திருப்பிக் கொண்டுவரப் போறாங்களாம். மண்ணைத் தோண்டித் தோண்டிப் பாக்கறாங்க. என்னவோ கீழடி மாதிரி.”

“எந்த காலேஜுடா?”

“யேல்.”

எனக்குச் சட்டென்று நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. யேல்! உலகத்தின் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. அமெரிக்க ஜனாதிபதிகள் படித்த இடம். அந்தப் பெயர் யாருடையது தெரியுமா? கல்மண்டபத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாமே, நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டை, அங்கே கவர்னராக உட்கார்ந்திருந்த ஓர் ஆளுடைய பெயர். நியூஹேவன் கோல்ஃப் மைதானத்தின் போர்டில் இருக்கும் நாலு ஆங்கில எழுத்துக்குப் பின்னால் இருப்பது மெட்ராஸ் பணம்.

முதலில் மைதானத்தைப் பார்த்துவிடுவோம். அப்புறம் மனுஷனைப் பார்க்கலாம்.

1924-ல் ரே டாம்ப்கின்ஸ் என்பவருடைய மனைவி, காலமான தன் கணவர் நினைவாக யேலுக்கு 700 ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்தார். டாம்ப்கின்ஸ் 1880-களில் யேல் ஃபுட்பால் டீமுக்கு கேப்டனாக இருந்தவர். எழுநூறு ஏக்கர் என்றால் எவ்வளவு? நம்ம கிண்டி தேசியப் பூங்கா மொத்தமும் அதைவிடக் கொஞ்சம் கம்மிதான். அவ்வளவும் காடு, சதுப்பு, பாறை. அதில்தான் மைதானம் போட முடிவு செய்தார்கள்.

வேலையை எடுத்தவர் செத் ரெய்னர். இந்த ஆள் கதை சுவாரஸ்யமானது. அவர் ஒரு சிவில் என்ஜினீயர். நிலம் அளக்கிறவர். அதுவரை கோல்ஃப் ஆடிப் பழக்கமே இல்லாதவர். அமெரிக்க கோல்ஃபின் பீஷ்மர் என்று சொல்லத்தக்க சார்லஸ் மெக்டொனால்ட், தன் மைதானத்துக்கு இடம் அளக்க இவரைக் கூலிக்குக் கூப்பிட்டார். வந்தவர், அளந்தார், கற்றுக்கொண்டார், கடைசியில் அந்தக் காலத்து அமெரிக்காவில் அதிக மைதானம் கட்டியவர்களில் ஒருவராகிவிட்டார். யேல் வேலையில் மெக்டொனால்ட் ஆலோசகர், சார்லஸ் பேங்க்ஸ் உதவியாளர். இந்த பேங்க்ஸ் யேலிலேயே படித்தவர், பள்ளிக்கூட இங்கிலீஷ் வாத்தியார் உத்தியோகத்தை விட்டுவிட்டு மண் வெட்ட வந்தவர்!

சதுப்பை வடித்தார்கள். பாறைக்கு வெடி வைத்தார்கள். அந்தக் காலத்திலேயே நாலு லட்சம் டாலருக்கு மேல் செலவு என்கிறார்கள். 1926 ஏப்ரலில் திறப்பு. ரெய்னர் அதைப் பார்க்கவில்லை. அந்த ஜனவரியிலேயே நிமோனியாவில் போய்விட்டார்.

யேல் மைதானத்தில் பெயர்போன இடம் ஒன்பதாவது குழி. நின்று அடிக்கிற இடத்துக்கும் பந்து விழ வேண்டிய புல்தரைக்கும் நடுவே ஒரு ஏரி. அந்தப் புல்தரையின் குறுக்கே ஆள் இறங்கினால் தலை மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய பள்ளம். யாரோ சண்டை போட்டுத் தோண்டியது போல இருக்கும். ஆனால் அத்தனையும் வேண்டுமென்றே செய்தது. மெக்டொனால்டும் ரெய்னரும் ஸ்காட்லாந்து, பிரான்ஸ் என்று ஐரோப்பாவின் நல்ல குழிகளை மாதிரியாக எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர்கள். இந்த ஒன்பதாவது குழியின் மாதிரிக்குப் பெயர் ‘பியாரிட்ஸ்’. பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை ஊரின் பெயர்.

சரி, புல்லும் மண்ணும்தானே, அதில் ரிப்பேர் பண்ண என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கோல்ஃப் மைதானம் நம்ம வீட்டுச் சுவர் மாதிரி இடிந்து விழாது. கரையும். குழி இருக்கும் புல்தரையை ‘க்ரீன்’ என்பார்கள். அதை தினமும் மெஷின் வைத்து வெட்டுகிறவர், ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு வளைத்து வெட்டுகிறார். மறுவருஷம் இன்னொரு விரற்கடை. இப்படியே ஐம்பது வருஷம் போனால் சதுரமாக இருந்த க்ரீன் சுருங்கி வட்டமாகிவிடும். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, மெஷின் திரும்பச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். ‘பங்கர்’ எனப்படும் மணல் குழியில் பந்தை அடிக்க அடிக்க மணல் தெறித்து ஓரம் உயரும், அடிப்பக்கம் மண் தூர்ந்து ஆழம் குறையும். நட்ட மரமும் நடாத மரமும் வளர்ந்து வெயிலை மறைக்கும். வெயில் இல்லாத இடத்தில் புல் செத்துப் பாசி வரும். தண்ணீர் வடியும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். 2020-ல் கொரோனா வந்தபோது ஆள் குறைத்து, பராமரிப்பு விட்டுப்போய், யேல் மைதானம் புதர் மண்டிக் கிடந்தது. பழைய மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். அப்புறம்தான் கில் ஹான்ஸ் என்கிற பிரபல நிபுணரைக் கூப்பிட்டு முழுசாகச் சரி பண்ணும் வேலை.

இவர் செய்வது புதுப்பிப்பு அல்ல, மீட்பு. பழைய படங்கள், விமானத்திலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, 1926-ல் க்ரீனின் ஓரம் எங்கே இருந்தது, பள்ளம் எத்தனை அடி என்று தேடிப் பிடிக்கிற வேலை. மண்ணைத் தோண்டினால் பழைய க்ரீனின் மண் அடுக்கு வேறு நிறத்தில் தெரியும். அது எங்கே முடிகிறதோ அங்கேதான் பழைய எல்லை. அக்கா பையன் கீழடி என்று சொன்னது தப்பே இல்லை.

நூறு வருஷத்துக்கு முந்திய புல்லின் ஓரத்தை இவ்வளவு அக்கறையாகத் தேடுகிறவர்களைப் பார்த்தால் மரியாதை வருகிறது. கூடவே, வடசென்னைக்காரன் எனக்கு இன்னொரு பழைய புல்தரை ஞாபகம் வருகிறது. அதற்கு எலிஹு யேல் கதையைச் சொல்ல வேண்டும்.

எலிஹு யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்தார். மூன்று வயசில் குடும்பம் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டது. அதன் பிறகு சாகும்வரை அமெரிக்கா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தன் பெயரில் நிற்கும் காலேஜை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது.

1672-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ரைட்டர்’, அதாவது குமாஸ்தாவாக மெட்ராஸில் வந்து இறங்கினார். சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்குப் பத்து பவுண்ட்! இந்தச் சம்பளத்தில் எவன் கப்பல் ஏறி வருவான்? சம்பளத்துக்காக யாரும் வரவில்லை. கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் பார்க்கலாம் என்பதுதான் தூண்டில். துணி, வைரம், மிளகு என்று ஆளாளுக்குத் தனிக் கணக்கு. நான் பி.காம். படித்தவன். ஒரே ஆள் முதலாளியின் கணக்கையும் தன் கணக்கையும் ஒரே மேஜையில் எழுதினால் என்ன ஆகும் என்று எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்.

1680-ல் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் சர்ச் கட்டி முடிந்த சில நாளில், அங்கே நடந்த முதல் கல்யாணம் யேலுடையது. மணப்பெண் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற பெரிய கம்பெனி அதிகாரியின் விதவை. சொத்தும் கூடவே வந்தது. 1687-ல் யேல் கவர்னர். அவர் கவர்னராக இருந்தபோதுதான் 1688 செப்டம்பர் 29 அன்று மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பமானது. நம்ம தெருவில் குப்பை அள்ளவில்லை என்று இன்றைக்குத் திட்டுகிறோமே, அதே கார்ப்பரேஷன். 1690-ல் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து வாங்கினார். பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை எல்லை என்று ஒப்பந்தம். நாலா பக்கமும் சுட்டு எல்லை பிடித்தார்கள். ரியல் எஸ்டேட் தொழிலில் இதற்கு மேல் ஒரு டெக்னிக் இன்னும் வரவில்லை.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

யேல் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்த சமயம் இந்தச் சீமையில் பஞ்சம். பசிக்குப் பிள்ளைகளை விற்றார்கள். தன்னையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. வாங்குவதற்குத் துறைமுகத்தில் ஆள் தயார். 1687-ல் ஒரே மாதத்தில் மெட்ராஸ் கோட்டையிலிருந்து 665 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதாகக் கம்பெனி ரிக்கார்டுகளைப் பார்த்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று ஓர் உத்தரவு. போகிற வழியில் செயின்ட் ஹெலினா தீவில் இறக்கிவிடுவார்கள், தோட்ட வேலைக்கு. 1688-ல் கோட்டை கவுன்சிலே இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. மனசு இளகியதால் அல்ல. மொகலாய அரசிடமிருந்து எதிர்ப்பு, பஞ்சமும் தணிந்துவிட்டது, இனி லாபம் இல்லை.

யேலே சொந்தமாக அடிமை வியாபாரம் செய்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கிறது. அவர் பெயரில் தனிக் கணக்குப் புத்தகம் எதுவும் கிடைக்கவில்லை என்பது ஒரு கட்சி. கையெழுத்துப் போட்ட கவுன்சிலில் தலைமை வகித்தவருக்குப் பொறுப்பு இல்லையா என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கம்பெனி சட்டம் படித்தவனுக்கு இதில் குழப்பமே வராது. போர்டு மீட்டிங்கில் தீர்மானம் போட்டுவிட்டு ‘எனக்குத் தெரியாது’ என்று சேர்மன் சொல்ல முடியாது.

அந்த 665 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் யேல் தன் குதிரைக்காரனை, கேட்காமல் குதிரையை ஓட்டிப்போனதற்காகத் தூக்கில் போட்டார் என்று ஒரு கதை முந்நூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாத ஒருவன் கதை நிலைத்துவிட்டது, ரிக்கார்டில் இருக்கிற 665 பேர் காணாமல் போய்விட்டார்கள்.

சொந்த வியாபாரம் அளவு மீறிப்போனதாகப் புகார் குவிந்து 1692-ல் பதவி போயிற்று. கணக்குத் தீரும்வரை ஊரை விட்டுக் கிளம்ப முடியவில்லை. 1699-ல்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வைரம், ஓவியம், நாற்காலி, பீங்கான் என்று வீடு நிறையச் சாமான். மெட்ராஸில் இருபத்தேழு வருஷம்.

இப்போது அமெரிக்கா. 1701-ல் கனெக்டிகட்டில் பாதிரியார்களைப் பயிற்றுவிக்க ஒரு சின்ன காலேஜ் ஆரம்பித்தார்கள். 1716-ல் நியூஹேவனுக்கு மாறியது. கட்டடம் பாதியில் நிற்கிறது, கையில் காசில்லை. ‘லண்டனில் ஒரு பணக்காரக் கிழவர் இருக்கிறார், பிறந்தது நம்ம பாஸ்டன்தான்’ என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். காட்டன் மேதர் என்ற பாதிரியார் யேலுக்குக் கடிதம் எழுதினார். கொஞ்சம் தாராளம் காட்டினால் காலேஜுக்கு உங்கள் பெயரையே வைத்துவிடலாம் என்று நாசூக்காக ஒரு கோடி. நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் ஃபேன் வாங்கிக் கொடுத்தவர் பெயரை இறக்கையில் எழுதுவார்களே, அதே முறை.

1718-ல் யேல் அனுப்பினார். 417 புத்தகங்கள், ஜார்ஜ் ராஜாவின் படம் ஒன்று, ஒன்பது பேல் துணி. துணியை விற்றதில் கிடைத்தது 562 பவுண்ட். காலேஜ் ‘யேல் காலேஜ்’ ஆயிற்று.

அந்த ஒன்பது பேலும் மெட்ராஸ் துணி என்று நம்ம பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் பட்டியலைப் பார்த்தால் கலவையாக இருக்கிறது. ஜெர்மன் பக்கத்து லினன் துணி இருக்கிறது, கம்பளித் துணி இருக்கிறது, பாப்ளின் இருக்கிறது. நடுவில் காலிகோ, மஸ்லின். நம்ம பக்கத்துச் சரக்கு என்று சொல்லத்தக்கவை கடைசி இரண்டும்தான். ஊர்ப் பெருமைக்காக ஒன்பதையும் நம்ம கணக்கில் எழுதக் கூடாது. மற்ற பேல்களை வாங்கின காசு எங்கே சம்பாதித்தது என்று கேட்டால், அது வேறு விஷயம்.

துணியாக ஏன் அனுப்பினார்? அங்கேதான் ஒரு வியாபார சூட்சுமம். அமெரிக்கக் காலனிகளில் ரொக்கத்துக்குப் பஞ்சம், துணி கொடுத்தால் கைமேல் காசு. இன்னொன்று, இந்தியாவிலிருந்து வந்த சாயம் போட்ட, அச்சடித்த துணிகளை இங்கிலாந்துக்குள் விற்கக் கூடாது என்று 1700-ல் அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். வெளியே ஏற்றுமதி செய்யலாம். அந்த நாட்டு நெசவாளர்கள் நம்ம துணியைக் கண்டு அவ்வளவு நடுங்கினார்கள். 1719-ல் லண்டன் தெருக்களில் காலிகோ கவுன் போட்டுப்போன பெண்களைத் துரத்தி, துணியைக் கிழித்தார்கள். 1721-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. அதே வருஷம் யேலும் போய்ச் சேர்ந்தார்.

கால்குலேட்டரை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன், தொழில் புத்தி விடவில்லை. 562 பவுண்டை 1718-ல் ஐந்து சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டிருந்தால், முந்நூறு வருஷத்தில் சுமார் 128 கோடி பவுண்ட். யேல் பல்கலைக்கழகத்தின் நிதி 2024-ல் 4,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆக, யேல் கொடுத்ததைப் போல எத்தனையோ மடங்கு அப்புறம் மற்றவர்கள் கொடுத்திருக்கிறார்கள். கோல்ஃப் நிலம் கொடுத்த அந்த அம்மாள் உட்பட. மலிவாகப் பேரம் முடித்தவர் எலிஹு யேல்தான்.

இனி நான் சொன்ன இன்னொரு புல்தரைக்கு வருகிறேன்.

காலிகோ எப்படி வெள்ளையாகும் தெரியுமா? தறியிலிருந்து வருகிற காடாத் துணி பழுப்பாக இருக்கும், கஞ்சியும் அழுக்கும் ஏறியிருக்கும். கம்பெனி அதை அப்படியே கப்பலில் ஏற்றாது. வண்ணார் கைக்குப் போகும். சாணத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். உவர்மண் கரைத்து முக்கி, வெள்ளாவி வைப்பார்கள். கல்லில் அடிப்பார்கள். பிறகு புல்தரையில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் வெயில் காட்டுவார்கள். மறுபடி வெள்ளாவி, மறுபடி வெயில். கடைசியில் அரிசிக் கஞ்சி போட்டு, மரக்கட்டையால் தட்டி வழவழப்பாக்கி மடிப்பார்கள். மண் தரையில் விரித்தால் கறை படியும். அதனால் நல்ல தண்ணீரும் நல்ல புல்லும் இருக்கிற இடமாகப் பார்த்து வண்ணார்களைக் குடிவைத்தது கம்பெனி. கல்மண்டபத்துக்குப் பக்கத்துப் பேட்டைக்கு ஏன் வண்ணாரப்பேட்டை என்று பெயர் வந்தது என்பது இப்போது விளங்கியிருக்கும். ஊரையே ஒரு தொழிலுக்காக உண்டாக்கினார்கள்.

அந்தத் தரையையும் யாரோ ஒருவர் தினம் பார்த்துக்கொண்டிருப்பார். முள் பொறுக்கியிருப்பார். ஆடு மாடு ஏறாமல் காவல் இருந்திருப்பார். யேல் மைதானத்தின் புல்லைப் போல அதற்கும் ஒரு நேர்த்தி இருந்திருக்கும்.

கொஞ்சம் வடக்கே போனால் திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டை. யாருடைய காலடி என்று கேட்காதீர்கள். அது காலட் பேட்டை. 1717-லிருந்து 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய ஊர். அங்கே இருக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலோடும் காலட் பெயர் சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். தினமும் காஞ்சிபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வேலைக்கு வரும் வீரராகவன் என்ற ஊழியருக்காகத் துரையே கோயில் கட்டிக் கொடுத்தார் என்று. கதையை நம்புவது உங்கள் இஷ்டம். ஆனால் வருஷத்தைக் கவனியுங்கள். நியூஹேவனில் ஒன்பது பேல் துணி விலைபோன அதே சமயத்தில், இங்கே இன்னும் அதிகத் துணிக்காகக் கம்பெனி ஒரு நெசவாளர் ஊரையே கட்டிக்கொண்டிருந்தது. நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது, சரக்கு சரியில்லை என்று விலையைக் குறைப்பது எல்லாம் அந்தத் தொழிலின் அன்றாடம்.

யேல் பல்கலைக்கழகம் தன் பழைய கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர்களுடைய கலைக்கூடத்தில் ஓர் ஓவியம் உண்டு. எலிஹு யேல் சொந்தக்காரர்களோடு ஒயின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் கழுத்தில் வெள்ளிப் பட்டை பூட்டிய ஒரு கறுப்புச் சிறுவன். 2020-ல் அதைச் சுவரிலிருந்து இறக்கி, அந்தப் பையன் யார் என்று ஆராய்ந்தார்கள். பெயர் கிடைக்கவில்லை. 2024 பிப்ரவரியில், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. டேவிட் பிளைட் என்ற வரலாற்றுப் பேராசிரியர் தலைமையில் பெரிய புத்தகமே வந்தது. அதில் அமெரிக்கக் கணக்குதான் பெரும்பகுதி. அவர்கள் ஊர், அவர்கள் கணக்கு.

நம்ம பக்கம் என்ன செய்திருக்கிறோம்? யேலின் பையன் டேவிட் நாலு வயசில் இறந்துபோனான். கேத்தரினின் முதல் கணவர் ஹின்மர்ஸும் அவனும் புதைக்கப்பட்ட கல்லறை ஹைகோர்ட் வளாகத்தில், சட்டக் கல்லூரிப் பக்கம் நிற்கிறது. அந்தக் காலத்தில் அது வெள்ளைக்காரர்களின் இடுகாடு. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகை போட்டபோது கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுட்டார்கள். அதனால் முற்றுகை முடிந்ததும் மற்றவற்றில் பெரும்பாலானவற்றை இடித்து, கல்வெட்டுகளை செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுற்றிப் பதித்துவிட்டார்கள். இது தப்பியது. பார்க்கிங் இடத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது, வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2023-ல் வழக்கே நடந்தது.

கோல்ஃப் விஷயத்தில் சென்னையில் நடந்ததும் ஒரு கதைதான். கிண்டி ரேஸ் கிளப் நிலம் 160 ஏக்கர். ஓடுபாதைக்கு உள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். 1945-ல் போட்ட குத்தகையில் வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். கல்மண்டபத்தில் இந்தக் காசுக்குப் பைக் நிறுத்த இடம் கிடைக்காது! 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து, 730 கோடி ரூபாய் பாக்கி என்று சொல்லி நிலத்தை எடுத்தது. வெள்ளம் தேங்காமலிருக்கக் குளம் வெட்டுவோம், 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா வைப்போம் என்று அறிவிப்பு. கிளப்புகள் கோர்ட்டுக்குப் போயின. அங்கே புல்தரை வேண்டுமா, குளம் வேண்டுமா என்று நகரமே விவாதித்தது. வேளச்சேரி வெள்ளத்தை நினைத்தால் என் ஓட்டு குளத்துக்கு. வடசென்னையில் இப்படி விவாதிக்க ஒரு புல்தரையும் மிச்சமில்லை என்பதால் பொறாமையும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

போன வாரம் அக்கா பையன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒன்பதாவது குழி. ஏரிக்கு அந்தப் பக்கம் புதுப் புல் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. நடுவில் அந்தப் பள்ளம், நூறு வருஷத்துக்கு முந்திய ஆழத்துக்குத் திரும்பி.

“சூப்பரா இருக்குல்ல மாமா? வரும்போது உங்களுக்கு யேல் பேர் போட்ட டி-ஷர்ட் ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?”

“வாங்கிட்டு வா. காட்டன்தானே?”

“காட்டன்தான். ஆனா எங்க தெச்சதுன்னு தெரியலை.”

சாயங்காலம் எம்.சி. ரோடு வரைக்கும் நடந்தேன். இரண்டு பக்கமும் துணிக் கடைகள். ஒரு மினி லாரியிலிருந்து பேல் பேலாகச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதுகில் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தவர், “சார், ஓரம் போ சார்” என்றார். நின்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று இருந்தது.